ஈரான், சவுதி, நடுவில் ஒரு பீப்பாய்: வாசகர் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஈரானையும் சவுதி அரேபியாவையும் பற்றித்தான். அதனால் இந்த இதழில் அவை மட்டும். சினிமா, கிரிக்கெட் கேள்வி அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ளாமல் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஈரானும் சவுதியும் முறைத்துக்கொள்வதற்கு ஷியா–சன்னி பகைதான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உங்கள் கருத்தும் அதுதானா?

பதில்: பாதி சரி. மீதிப் பாதியைத்தான் யாரும் பேசுவதில்லை. ஈரானை மன்னர் ஷா ஆண்ட காலத்திலும் ஈரான் ஷியா நாடுதான், சவுதி சன்னி நாடுதான். 1979-ல் இஸ்லாமியப் புரட்சி வந்து ஷா விழுந்தபோது, ஒரே ராத்திரியில் யாரும் மதம் மாறிவிடவில்லை. ஷா காலத்தில் இரண்டுமே முடியாட்சிகள், இரண்டுக்கும் கம்யூனிஸ்டுகள் என்றால் ஆகாது, இரண்டும் அமெரிக்காவிடம் ஆயுதம் வாங்கிக் குவித்தன. வளைகுடாவை விட்டுக் கிளம்பப்போவதாக 1968-ல் பிரிட்டன் சொன்ன பிறகு, அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நிக்சன் அரசு இந்த இருவரிடமும்தான் ஒப்படைத்தது. ‘இரட்டைத் தூண்’ கொள்கை என்று அதற்குப் பெயர். அத்தனை சிநேகத்திலும், எண்ணெய் விலை என்று பேச்சு வந்தால் இருவருக்கும் ஒத்துப்போனதே இல்லை.

காரணம் ரொம்பச் சாதாரணமானது. ஈரானின் 1976 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 3.37 கோடி. சவுதியில் 1974-ல் எடுத்த கணக்கில் ஏறத்தாழ 70 லட்சம். எண்ணெய் இருப்போ சவுதியிடம்தான் அதிகம். சாப்பிடும் வாய் நிறைய இருக்கும் வீட்டுக்கு இந்த மாதக் காசு இந்த மாதமே வேண்டும். ஆள் குறைவாகவும் நிலம் அதிகமாகவும் உள்ள வீடு, வாங்குபவன் வேறு பக்கம் போய்விடாதபடி விலையை அடக்கி வைத்து நிதானமாக விற்கும். ஈரான் கேட்டது அதிக விலை, சவுதி பார்த்தது நீண்ட நாள் சந்தை. இது ஷா காலத்துக் கணக்கு, ஆட்சி மாறியும் மாறாத கணக்கு. மதம் இதற்குக் கூட்டம் சேர்க்கிறது, கோஷம் போட்டுத் தருகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மதத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இவர்கள் ஏன் சண்டை போட்டார்கள் என்பது ஓரளவுக்குப் புரியும், நடுநடுவே ஏன் கைகுலுக்கினார்கள் என்பது புரியவே புரியாது.

கேள்வி: ஷா காலத்தில் அப்படி என்ன பெரிய தகராறு?

பதில்: முதலில் 1973. அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் நடந்த அக்டோபர் போரை ஒட்டி அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் கிடையாது என்று தடை போட்டபோது ஈரான் அதில் சேரவில்லை, தன் பாட்டுக்கு விற்றுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து ஷா மேற்கு நாடுகளுக்கு நல்லது செய்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அதே டிசம்பரில் வளைகுடா உற்பத்தியாளர்கள் தெஹ்ரானில் கூடியபோது, பீப்பாய்க்கு 5.12 டாலராக இருந்த அறிவிப்பு விலையை 11.65 டாலருக்கு ஏற்றியே தீர வேண்டும் என்று முன்னால் நின்றவரும் அவர்தான். சவுதி எண்ணெய் அமைச்சர் அகமது ஜக்கி யமானி அரைமனதோடுதான் ஒப்புக்கொண்டார். விலையை இப்படி ஒரேயடியாக ஏற்றினால் வாங்குபவன் வேறு வழி தேடிப் போய்விடுவான் என்பது அவர் கவலை. பின்னாளில் வடகடல் எண்ணெயும் அலாஸ்கா எண்ணெயும் சந்தைக்கு வந்ததைப் பார்த்தால் அவர் பயந்ததில் தப்பே இல்லை.

பெரிய மோதல் 1976 டிசம்பரில், தோஹாவில். அங்கே நடந்த ஓபெக் (எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் அமைப்பு) கூட்டத்தில் ஈரானும் மற்ற பலரும் ஜனவரியில் 10 சதவீதம், ஜூலையில் இன்னொரு 5 சதவீதம் ஏற்றலாம் என்று முடிவு செய்ய, சவுதியும் ஐக்கிய அரபு எமிரேட்ஸும் 5 சதவீதத்துக்கு மேல் ஒரு காசு கூட ஏற்ற மாட்டோம் என்று நின்றுவிட்டன. ஒரே அமைப்பு, இரண்டு விலை! அதோடு விடாமல், தினமும் 85 லட்சம் பீப்பாய் என்று தனக்குத்தானே வைத்திருந்த உச்சவரம்பையும் எடுத்துவிடப்போவதாக சவுதி சொன்னது. அதாவது மலிவாகவும் விற்பேன், கூடுதலாகவும் விற்பேன். வாங்குகிறவர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஷாவோ 1974-லேயே ஐந்தாண்டுத் திட்டச் செலவை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கி அகலக்கால் வைத்திருந்தார். அணைகள், அணு உலைகள், போர் விமானங்கள் என்று எல்லாவற்றுக்கும் ஆர்டர் கொடுத்தாயிற்று, பணம் வரும் வழி சுருங்குகிறது. 1977 நடுவில் சவுதி இன்னும் 5 சதவீதம் ஏற, மற்றவர்கள் ஜூலை உயர்வைக் கைவிட, ஒரே விலைக்கு மீண்டும் வந்து சேர்ந்தார்கள். யார் வழிக்கு யார் வந்தார்கள் என்பது கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

ஷா விழுந்ததற்கு இதுவே காரணம் என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது கொஞ்சம் மிகை. ஆனால் அவருடைய கடைசி ஆண்டுகளின் நெருக்கடியில் தோஹாவுக்கும் ஒரு பங்கு உண்டு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: ஓபெக்கில் யார் முதலில் சேர்ந்தது?

பதில்: இருவரும் ஒரே நாளில். 1960 செப்டம்பரில் பாக்தாத்தில் ஓபெக்கைத் தொடங்கிய ஐந்து நாடுகளில் இரண்டு பேருமே இருந்தார்கள். மற்ற மூவர் இராக், குவைத், வெனிசுலா.

கேள்வி: இரண்டு நாடுகளும் தூதரக உறவை எத்தனை முறை முறித்துக்கொண்டன?

பதில்: மூன்று முறை. முதல் முறிவு எண்ணெய்ப் பணம் பெருகுவதற்கு முன்பே வந்துவிட்டது. 1943 ஹஜ்ஜுக்குப் போன ஈரானிய யாத்ரீகர் ஒருவர் உடம்புக்கு முடியாமல் காபா அருகே வாந்தி எடுத்துவிட்டார். புனித இடத்தை வேண்டுமென்றே அசிங்கப்படுத்தினார் என்று குற்றம் சாட்டித் தலையை வெட்டிவிட்டார்கள். 1944-ல் ஈரான் உறவை முறித்தது, 1946-ல் சரியாயிற்று. இரண்டாவது, 1987 ஜூலை 31 அன்று மெக்காவில் ஈரானிய யாத்ரீகர்கள் நடத்திய ஊர்வலத்துக்கும் சவுதி போலீசுக்கும் மூண்ட மோதல். சவுதி சொன்ன கணக்குப்படி 402 பேர் இறந்தார்கள், அதில் 275 பேர் ஈரானியர். 1988 ஏப்ரலில் சவுதி உறவை முறித்தது. 1991-ல் மீண்டும் ஒட்டியது. மூன்றாவது, 2016 ஜனவரி 2 அன்று ஷியா மதத் தலைவர் நிம்ர் அல்-நிம்ருக்கு சவுதி மரண தண்டனை நிறைவேற்ற, தெஹ்ரானில் சவுதி தூதரகத்துக்குள் கூட்டம் புகுந்து தீ வைக்க, மறுநாளே உறவு அறுந்தது. ஏழு வருஷம் அப்படியே கிடந்தது.

மூன்று முறையும் மதம் சம்பந்தப்பட்ட சம்பவம்தான் என்று நீங்கள் என்னை மடக்கலாம். மடக்குங்கள், நியாயம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: 2016-ல் தூதரகங்கள் மூடிக்கிடந்த அதே வருஷம் நவம்பர் 30 அன்று வியன்னாவில் ஓபெக் உற்பத்திக் குறைப்பு ஒப்பந்தத்தில் இருவரும் சேர்ந்தே இருந்தார்கள். சவுதி தினமும் 4,86,000 பீப்பாய் குறைத்துக்கொள்ள வேண்டும், ஈரான் 90,000 பீப்பாய் கூட்டிக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். இத்தனைக்கும் அந்த ஏப்ரலில் தோஹாவில் ஈரானும் கட்டுப்பட்டால்தான் நாங்களும் என்று சவுதி சொல்லி, பேச்சு முறிந்து எல்லோரும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போயிருந்தார்கள். நடுவில் ரஷ்யா ஓடியாடிப் பேசியது என்பதும் உண்மை. விலை சரிந்து கிடந்தது, இரண்டு பேருக்கும் பட்ஜெட் இடித்தது என்பது அதைவிடப் பெரிய உண்மை.

கேள்வி: இராக்–ஈரான் போரின்போது சவுதி இராக்குக்குப் பணம் கொடுத்தது என்கிறார்கள். அப்படியிருக்க, அந்த எட்டு வருஷமும் இவர்கள் இருவரும் ஓபெக்கில் எப்படி ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள்?

பதில்: அருமையான கேள்வி. உட்கார்ந்தார்கள் என்பது மட்டுமில்லை, ஒருவர் யோசனையை மற்றவர் ஏற்றுக்கொண்டும் இருக்கிறார்.

சவுதி பணம் கொடுத்தது உண்மை. பாரசீக வளைகுடாவில் இரு தரப்பும் எண்ணெய்க் கப்பல்களைத் தாக்கிக்கொண்டிருந்த நேரத்தில், 1984 ஜூன் 5 அன்று ஈரானின் எஃப்-4 விமானம் ஒன்றை சவுதியின் எஃப்-15 சுட்டு வீழ்த்தியதும் உண்மை. இந்தப் பக்கம் ஓபெக்கில் வேறு கதை. ஆளுக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று ஓபெக் வைத்த ஒதுக்கீட்டை மற்றவர்கள் எல்லாம் மீறி விற்க, விலையைத் தாங்கிப் பிடிக்கும் வேலை சவுதி தலையில் விழுந்தது. 1980-ல் தினமும் 1 கோடி பீப்பாய்க்கு அருகே எடுத்த நாடு, 1985 கோடையில் 20 லட்சத்துக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த சவுதி, இனி முடியாது என்று குழாயைத் திறந்துவிட்டது. 1985 நவம்பரில் அமெரிக்கச் சந்தையில் 30 டாலரைத் தாண்டியிருந்த பீப்பாய், அடுத்த கோடையில் 10 டாலருக்கு வந்து நின்றது. போர் நடத்திக்கொண்டிருக்கும் ஈரானுக்கு இது தோட்டாவைவிட மோசமான அடி. தன்னை மண்டியிட வைக்கத்தான் சவுதி இதைச் செய்கிறது என்று தெஹ்ரான் நம்பியது.

இப்போது 1986 ஆகஸ்ட், ஜெனீவா. கூட்டம் நாள்கணக்கில் இழுக்கிறது, யாரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அப்போது ஈரானிய எண்ணெய் அமைச்சர் கோலாம்ரெசா அகாஸாதே, எல்லோரும் பழைய ஒதுக்கீட்டுக்கே திரும்பலாம், இராக் மட்டும் இஷ்டப்படி எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு யோசனை சொன்னார். எந்த இராக்? ஈரான் அன்றைக்குப் போர் புரிந்துகொண்டிருந்த அதே இராக்! அதுவரை இராக்குக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதிலேயே ஈரான் முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. சவுதி அதை ஏற்றுக்கொண்டது. அந்த அக்டோபரில் மன்னர் ஃபஹத், யமானியைப் பதவியிலிருந்து தூக்கினார். டிசம்பரில் 18 டாலரை இலக்கு விலையாக வைத்தார்கள். ஒரு பக்கம் இராக்கின் ஃபாவ் தீபகற்பத்தை ஈரான் பிடித்துவைத்திருக்கிறது, குவைத் எல்லை கூப்பிடு தூரம், ரியாத்துக்குத் தூக்கமில்லை. இன்னொரு பக்கம் அதே ஈரானின் யோசனைக்கு ரியாத் தலையாட்டுகிறது. இதற்கு அடுத்த கோடையில்தான் மேலே சொன்ன மெக்கா மோதல். இந்த இரண்டு பேருக்கும் அரசியல் ஒரு தண்டவாளம், எண்ணெய் ஒரு தண்டவாளம் என்று நான் நினைப்பதற்கு இந்தப் பன்னிரண்டு மாதங்கள் போதும்.

கேள்வி: நல்ல நாட்களே கிடையாதா?

பதில்: உண்டு. 1997 முதல் சில வருஷங்கள். 1997 டிசம்பரில் தெஹ்ரானில் நடந்த இஸ்லாமிய நாடுகள் மாநாட்டுக்கு சவுதிப் பட்டத்து இளவரசர் அப்துல்லாவே போனார். 1998 கடைசியில் எண்ணெய் 10 டாலருக்குச் சரிந்தது. 1999 மார்ச்சில் நெதர்லாந்தின் ஹேக் நகரில் சவுதி, ஈரான், வெனிசுலா, அல்ஜீரியா, மெக்சிகோ ஐவரும் கூடி உற்பத்தியைக் குறைக்க முடிவெடுத்தார்கள். அதே மே மாதம் ஈரான் அதிபர் கத்தாமி சவுதிக்கு வந்தார். 2001-ல் பாதுகாப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தம் கூடக் கையெழுத்தானது. 2003-ல் இராக் அதிபர் சதாமை அமெரிக்கா அகற்றியதும், பாக்தாத்தில் யார் செல்வாக்கு என்ற கேள்வி வந்து எல்லாவற்றையும் கெடுத்தது.

கேள்வி: ஈரான் மீது அமெரிக்கா தடை போடும்போதெல்லாம் சவுதிக்குக் கொண்டாட்டம்தானே?

பதில்: ஓரளவுக்கு. 2012-ல் ஐரோப்பா ஈரான் எண்ணெயை நிறுத்தியது, அமெரிக்கா வங்கிகளை நெருக்கியது, ஈரானின் ஏற்றுமதி ஏறத்தாழ பாதிக்கும் கீழே போனது. அந்த இடத்தை நிரப்ப வேண்டாம் என்று தெஹ்ரான் வெளிப்படையாகவே எச்சரித்தும் சவுதி நிரப்பியது. இப்படி இழந்த வாடிக்கையாளரைத் திரும்பப் பிடிப்பது லேசில்லை. சுத்திகரிப்பு ஆலைகள் ஒரு வகைக் கச்சாவுக்குத் தோதாகத் தங்களை அமைத்துக்கொண்டபின் சும்மா மாறாது.

ஆனால் 2018-ல் சவுதியே கையைச் சுட்டுக்கொண்டது. மே மாதம் டிரம்ப், ஈரானோடு போட்டிருந்த அணு ஒப்பந்தத்தை விட்டு வெளியேறினார், ஈரான் எண்ணெய் சந்தையிலிருந்து காணாமல் போய்விடும் என்று எல்லோரும் நம்பினார்கள், அமெரிக்கா கேட்டுக்கொண்டபடி சவுதி உற்பத்தியை ஏற்றி நவம்பரில் தினமும் 1.1 கோடி பீப்பாய்க்குக் கொண்டுபோனது. கடைசி நேரத்தில் வாஷிங்டன் இந்தியா, சீனா, ஜப்பான் உள்பட எட்டு வாடிக்கையாளர்களுக்கு விலக்கு கொடுத்து, வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது. அக்டோபர் தொடக்கத்தில் 86 டாலர் வரை போன பிரென்ட் (உலகச் சந்தையில் விலைக்கு அளவுகோலாக வைக்கும் கச்சா), கிறிஸ்துமஸ் சமயத்தில் 50 டாலர். ரியாத்தில் அன்று அமெரிக்கா மீது விழுந்த சந்தேகம் அடுத்த வருஷம் இன்னும் கெட்டியானது. அதைத்தான் அடுத்த வாசகர் கேட்கிறார்.

கேள்வி: 2019-ல் அப்காய்க் எண்ணெய் ஆலை மீது நடந்த தாக்குதல் ஏன் அவ்வளவு முக்கியமாகப் பேசப்படுகிறது?

பதில்: அப்காய்க் என்பது எண்ணெய்க் கிணறு அல்ல. கிணற்றிலிருந்து வரும் கச்சாவில் வாயுவும், நச்சான ஹைட்ரஜன் சல்ஃபைடும் கலந்திருக்கும்; அப்படியே கப்பலில் ஏற்ற முடியாது. அதைப் பிரித்தெடுத்து, கச்சாவை நிலைப்படுத்தி அனுப்பும் இடம்தான் அப்காய்க். சவுதி எண்ணெயில் பெரும்பகுதி இந்த ஒரே வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். 2019 செப்டம்பர் 14 அதிகாலையில் ட்ரோன்கள் இங்கே வந்து இறங்கின. குரைஸ் எண்ணெய் வயலும் தாக்கப்பட்டது. சவுதி பின்னால் காட்சிக்கு வைத்த கணக்கில் 18 ட்ரோன், 7 குரூஸ் ஏவுகணை. உருண்டை உருண்டையான பிரிப்புத் தொட்டிகளில் வரிசையாக ஓட்டை விழுந்திருந்ததைப் படங்களில் பார்த்தவர்களுக்கு, தெருவில் போகிறவன் எறிந்த கல் இல்லை இது என்று புரிந்திருக்கும். தினமும் 57 லட்சம் பீப்பாய் நின்றுபோனது. அது சவுதி உற்பத்தியில் பாதி, உலகத்தின் மொத்தத்தில் 5 சதவீதத்துக்கு மேல். ஏமனின் ஹவுதி கிளர்ச்சியாளர்கள் நாங்கள்தான் செய்தோம் என்றார்கள், அமெரிக்காவும் சவுதியும் ஈரானைக் கைகாட்டின, ஈரான் மறுத்தது.

என்னைக் கேட்டால் இதில் கவனிக்க வேண்டியது எண்ணெய் விலை இல்லை, அது சில வாரத்தில் இறங்கிவிட்டது. கவனிக்க வேண்டியது அமெரிக்கா திருப்பி அடிக்கவில்லை என்பது. எத்தனையோ ஆயிரம் கோடி டாலருக்கு வாங்கிய வான் பாதுகாப்பு அத்தனையும் அங்கே இருந்தும் ஒரு பிரயோஜனமும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரனோடு நேரடியாகப் பேசித் தீர்த்துக்கொள்வதுதான் வழி என்ற பேச்சு சவுதியில் எடுபட ஆரம்பித்தது இதற்கப்புறம்தான்.

கேள்வி: அப்படியானால் 2023 சமாதானத்துக்கு சீனா காரணம் இல்லையா?

பதில்: சீனா மேடை கொடுத்தது, சமையல் வேறு இடத்தில் நடந்தது. 2021 ஏப்ரலில் இருந்தே பாக்தாத்தில் சத்தமில்லாமல் பேச்சு நடந்துகொண்டிருந்தது, ஓமானும் உதவியது. 2023 மார்ச் 10 அன்று பெய்ஜிங்கில் இரு நாட்டுப் பாதுகாப்பு ஆலோசகர்களான ஈரானின் அலி ஷம்கானியும் சவுதியின் முசாஅத் அல்-அய்பானும் உறவைப் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட, நடுவில் சீனாவின் வாங் யீ நின்றார். சீனாவுக்கு இதில் அக்கறை இல்லாமலா? சவுதியிடம் பெரிய அளவில் வாங்குவதும் அவர்கள்தான், தடையில் கிடக்கும் ஈரான் எண்ணெயில் பெரும்பகுதியைக் கழிவு விலையில் வாங்குவதும் அவர்கள்தான். ஈரானை ஒரு வார்த்தை கேட்கவைக்கும் பலம் வாஷிங்டனிடம் இல்லை, பெய்ஜிங்கிடம் இருந்தது.

ஒப்பந்த அறிக்கையைப் படித்தால் 1998-ன் பொது ஒப்பந்தத்தையும் 2001-ன் பாதுகாப்பு ஒப்பந்தத்தையும் தூசு தட்டி எடுத்திருப்பது தெரியும். எண்ணெய் பற்றி அதில் பேச்சே இல்லை. தூதரகம், இறையாண்மை, ஒருவர் விஷயத்தில் ஒருவர் தலையிடாமை, இவ்வளவுதான். சவுதி நிதி அமைச்சர் ஈரானில் முதலீடு வேகமாகவே வரலாம் என்று அந்த மாதமே சொன்னார். வந்ததா? அமெரிக்கத் தடை தலைக்கு மேல் தொங்கும்போது எந்த சவுதி நிறுவனம் போய்ப் பணம் போடும். 2025 ஏப்ரலில் சவுதி பாதுகாப்பு அமைச்சர் காலித் பின் சல்மான் தெஹ்ரானுக்கே போய் ஈரானின் உச்சத் தலைவர் காமெனியைச் சந்தித்தார். அந்த ஜூனில் இஸ்ரேல் ஈரானைத் தாக்கியபோது, ‘சகோதர’ ஈரான் என்று எழுதியே சவுதி கண்டன அறிக்கை விட்டது. பத்து நாள் கழித்து கத்தாரில் உள்ள அமெரிக்கத் தளத்தை ஈரான் தாக்கியதும், அதையும் கண்டித்தது. சேர்ந்து நிற்பது என்பதைவிட, குண்டு நம் கூரையில் விழாமல் பார்த்துக்கொள்வது என்றே இந்த உறவைப் பார்க்கிறேன்.

கேள்வி: ஹார்முஸ் நீரிணை அடைபட்டால் யாருக்கு அதிக நஷ்டம்?

பதில்: ஈரானுக்கும் சேர்த்துத்தான். பாரசீக வளைகுடாவிலிருந்து கப்பல்கள் வெளியேறும் குறுகலான கடல்வழி அது. 2024-ல் தினமும் சராசரியாக 2 கோடி பீப்பாய் அந்த வழியே போனது, அதாவது உலகம் பயன்படுத்தும் திரவ எரிபொருளில் ஐந்தில் ஒரு பங்கு. சவுதியிடம் மாற்றுப் பாதை ஒன்று இருக்கிறது: அப்காய்க்கிலிருந்து பாலைவனத்தைக் குறுக்கே கடந்து செங்கடலோரம் யான்புவுக்குப் போகும் 1,200 கிலோமீட்டர் குழாய். அதைக் கட்டியதே 1980-களில், ஈரானுக்குப் பயந்து. ஈரானும் 2021-ல் நீரிணைக்கு வெளியே ஜாஸ்க் துறைமுகத்துக்கு ஒரு குழாய் போட்டுத் திறந்துவைத்தது. திட்டம் தினமும் 10 லட்சம் பீப்பாய், நடைமுறையில் அதன் பக்கத்தில் கூட வரவில்லை; அவர்கள் கச்சா ஏற்றுமதியில் ஏறத்தாழ 90 சதவீதம் கார்க் தீவிலிருந்துதான் கிளம்புகிறது, அது நீரிணைக்கு உள்ளே இருக்கிறது. அப்புறம் அந்த யான்பு குழாயிலும் மொத்தச் சரக்கையும் திருப்பிவிட முடியாது, செங்கடல் பக்கம் ஹவுதிகள் வேறு.

கேள்வி: இரண்டில் எது பணக்கார நாடு?

பதில்: மண்ணுக்கு அடியில் பார்த்தால் ஈரான் குறைந்ததில்லை. எண்ணெய் இருப்பு சவுதிக்கு சுமார் 26,700 கோடி பீப்பாய், ஈரானுக்கு சுமார் 20,800 கோடி. இயற்கை எரிவாயுவில் ரஷ்யாவுக்கு அடுத்த இடமே ஈரானுக்குத்தான். மண்ணுக்கு மேலே வந்தால் கதை மாறுகிறது. 2024 டிசம்பரில் எரிவாயு பற்றாக்குறையால் ஈரானில் அலுவலகங்களையும் பள்ளிக்கூடங்களையும் மூடினார்கள்! கிட்டத்தட்ட இலவசமாக உள்நாட்டில் எரிப்பது, பழைய கருவிகள், தடையால் வராத முதலீடு, எல்லாம் சேர்ந்த வினை. சவுதியும் இதில் யோக்கியம் இல்லை; கோடையில் ஏசி ஓட்டுவதற்காக, ஏற்றுமதி செய்யக்கூடிய கச்சாவையே மின் நிலையங்களில் ஊற்றி எரிக்கிறார்கள்.

இன்னொன்று. முதல் பதிலில் சொன்ன சின்னக் குடும்பம் இப்போது அவ்வளவு சின்னதில்லை. 2022 கணக்கெடுப்பில் சவுதி மக்கள்தொகை 3.22 கோடி, அதில் குடிமக்கள் 1.88 கோடி. புது நகரங்கள், விளையாட்டு, சுற்றுலா என்று பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான் போட்டிருக்கும் திட்டங்களுக்குப் பீப்பாய் நல்ல விலை போனால்தான் கட்டுப்படியாகும். ஷா அன்று பேசிய பேச்சை இன்று ரியாத் பேசுகிறது.

கேள்வி: இந்தியா ஏன் ஈரானிடம் வாங்குவதை நிறுத்தியது?

பதில்: 2019 மே மாதம் அமெரிக்க விலக்கு முடிந்தது, அதனால். அதற்கு முந்தைய நிதியாண்டில் ஈரான் நமக்கு மூன்றாவது பெரிய சப்ளையர்.

கேள்வி: கடல் எல்லையில் தகராறு ஏதும் உண்டா? அடுத்த சண்டை அதில் வருமா?

பதில்: இருவருக்கும் நேரடியாகப் பெரிய தகராறு இல்லை, அது ஆச்சரியமான விஷயம். 1968 அக்டோபரிலேயே உட்கார்ந்து கோடு போட்டுவிட்டார்கள். ஃபார்ஸி தீவு ஈரானுக்கு, அரபி தீவு சவுதிக்கு. கோட்டின் இருபுறமும் 500 மீட்டருக்குள் யாரும் துளையிடக் கூடாது என்றும் எழுதிக்கொண்டார்கள். கடலுக்கடியில் ஒரே எண்ணெய்ப் படுகை இரண்டு பக்கமும் கிடந்தது, சவுதி அதை மர்ஜான் என்றும் ஈரான் ஃபொரூஸான் என்றும் அழைத்துத் தன் பக்கத்தில் எடுத்துக்கொண்டிருக்கிறது. புரட்சி, போர், மூன்று முறிவில் இரண்டு, எல்லாம் அந்தக் கோட்டுக்குப் பிறகு வந்தவை. கோடு அப்படியே நிற்கிறது.

சிக்கல் அதற்கு வடக்கே, குவைத் பக்கத்தில். 1960-களில் கண்டுபிடித்த ஒரு எரிவாயு வயலை குவைத்தும் சவுதியும் துர்ரா என்கின்றன, ஈரான் ஆரஷ் என்கிறது. 2022 மார்ச்சில் குவைத்தும் சவுதியும் சேர்ந்து அதிலிருந்து தினமும் 100 கோடி கன அடி வாயு எடுப்பதாகக் கையெழுத்துப் போட்டன. எங்களுக்கும் அதில் பங்குண்டு, எங்களை விட்டுவிட்டுச் செய்வது செல்லாது என்றது ஈரான். பெய்ஜிங் கைகுலுக்கலுக்கு அப்புறமும் இது தீரவில்லை. 2023 ஆகஸ்டில் அந்த வயல் முழுக்க எங்கள் இருவருக்கே என்று சவுதியும் குவைத்தும் மறுபடி அறிவித்தன. முதலில் எல்லையை அளப்போம், அப்புறம் வாயுவைப் பேசலாம் என்பது அவர்கள் நிலை. ஈரானுக்கும் குவைத்துக்கும் இடையே அந்தக் கடல் எல்லையை இன்னும் வரையவே இல்லை.